பரீதா அக்கா வலப்பக்கத்திலிருந்து திறந்த புத்தகம்

"அக்கா, இந்தப் படகு போவுதா, வருதா?"

ஆறு வயது மலீஹா இப்படிக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புத்தகம் என் மடியில் இருந்தது. அதைப் பற்றி முந்நூறு சொற்களில் மதிப்புரை எழுத வேண்டியவள் நான். படத்தில் கடல், கடலில் ஒரு படகு, படகில் ஒரு ஆள், கரையில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு குழந்தை. வேறு எதுவும் இல்லை. மலீஹா என் முகத்தையே பார்த்தாள்.

இது மலீஹாவின் உம்மா பரீதா அக்காவின் கதை. அதில் நான் செய்த ஒரு காரியமும் இருப்பதால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் மாலா. பழவேற்காட்டில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடலோரக் குப்பம் எங்களுடையது. போன வருடம் பன்னிரண்டாவது முடித்தேன். மார்க் மோசமில்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. சமையல், தண்ணீர், தம்பியின் பள்ளிக்கூடம் எல்லாம் என் தலையில் விழுந்தன. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அடுத்த வருடம் வருவதற்குள் எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. எதையாவது சாக்குச் சொல்லிப் பாலத்தைக் கடந்து பஜாருக்கு வந்துவிடுவேன். பொன்னேரி பஸ் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது திருப்பாலைவனம் வழியாகப் போகும் என்று தெரியும். அதில் ஏறி நான் எங்கே போவது என்றுதான் தெரியாது.

எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. நைனாவிடம், அதாவது அப்பாவிடம், ஒருநாள் சொன்னேன். வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "எழுது. டீசல் ஊத்தவேண்டிய வேலையா அது?" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

படப்புத்தகம் என்ற ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது பதினேழாவது வயதில், பொன்னேரியில் நடந்த ஒரு சின்னப் புத்தகச் சந்தையில். பக்கத்துக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் படம். தன் நிழலை டிபன் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் ஒரு பெண்ணின் கதை. நின்றபடியே படித்து முடித்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். கடைக்காரர், "அது சின்னப் பசங்களுக்குமா, ஒனக்கு இந்தப் பக்கம் நாவலு கீது பாரு" என்றார். நான் நகரவில்லை. ஆறு வயதில் இதை எனக்கு யாரும் காட்டவில்லையே என்று துக்கமாக இருந்தது. அதை வாங்கிவந்து, ஒரு வாக்கியம் எங்கே நிற்கிறது, மீதியை எப்படிப் படத்திடம் விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக ஐந்து முறை நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

அந்தப் புத்தகத்தின் கூடவே இலவசமாகக் கொடுத்த சிறுவர் சிற்றிதழில் ஓர் அறிவிப்பு இருந்தது. புதிதாக வரும் படப்புத்தகங்களுக்கு மதிப்புரை எழுத இளைஞர்கள் வேண்டும். புத்தகத்தைத் தபாலில் அனுப்புவார்கள். படித்த பிறகு நல்லபடியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு குழந்தையோடு சேர்ந்து படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அந்தக் குழந்தை சொன்னது ஒன்றாவது மதிப்புரையில் இருக்க வேண்டும். ஆசிரியர் பெயர் மேரி என்று போட்டு ஒரு போன் நம்பரும் இருந்தது. அன்றைக்கே பேசினேன்.

எங்கள் குப்பத்துக்குப் பார்சல் ஒழுங்காக வந்து சேராது. அம்மாதான் வழி சொன்னாள். "பரீதா வூட்டு அட்ரஸ் குடு. அது எப்பவும் வூட்லதான் கீது, வாங்கி வெக்கும்." அம்மா பச்சையம்மா பத்து வருடமாக அந்த வீட்டுக்கு மீன் கொடுக்கிறவள். படிக்க ஒரு குழந்தையும் அங்கேயே இருந்தது. இப்படித்தான் நான் பரீதா அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தேன்.

பரீதா அக்காவுக்கு முப்பத்தொரு வயது. மசூதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வீடு. அவர்கள் வீட்டு முன்னோர் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்கள். அந்தக் காலத்துச் சாமான்களில் மிச்சமிருப்பது பித்தளைப் பூட்டு போட்ட ஒரு பெரிய மரப்பெட்டி மட்டும். அதில் ரேஷன் அரிசி கொட்டி வைத்திருக்கிறாள். "கப்பல் வெச்சினு இருந்த குடும்பம்மா நாங்க. இப்போ அடுத்தவன் படகுல வேலைக்குப் போற குடும்பம்" என்று சொல்லி அவளே சிரிப்பாள்.

வேலைக்குப் போயிருப்பது அவள் கணவர் ஜமால் முகம்மது. ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர். பஹ்ரைனில் மீன்பிடிப் படகு வேலை என்று கிளம்பியபோது மலீஹாவுக்கு ஒன்றரை வயது. இரண்டு வருடத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. இடையில் முதலாளி மாறினார், காகிதம் மாறியது. பிறகு கூடப் போனவர்கள் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், இவருடைய முறை மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அப்போதே நாலரை வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே படகு கடலுக்குப் போகாது. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, நம் நேரத்துக்கு நாலு மணி வாக்கில் வீடியோவில் கூப்பிடுவார்.

அந்த நாலு மணிதான் பரீதா அக்காவுக்கு வாரத்தின் மிகக் கஷ்டமான நேரம். மலீஹா போனை வாங்க மாட்டாள். "வாப்பாகிட்ட பேசு" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் எல்லோரும் அவளிடம் எப்போதும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: வாப்பா வந்துகினே கீறாரு. அவளுடைய நாலு வயதில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டபோது ஜன்னல்கள் அதிர்ந்தன. குழந்தை மொட்டைமாடிக்கு ஓடி, வாப்பாவின் பிளேன் என்று நினைத்துக் கையாட்டியது. அது மேலே மேலே போய் மறைந்ததும், "ஏன் எறங்கல?" என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது என்றாள் பரீதா அக்கா.

"அவரு வர்றது அல்லா கையில. அது என்னிக்கோ நடக்கும். ஆனா அவரு வந்து எறங்கறப்போ இவ என் முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினா அந்த மனுசன் தாங்கமாட்டாரு, மாலா. அதுக்குள்ள ஒரு தபா வாயத் தொறந்து வாப்பான்னு சொல்லிட்டா போதும் எனக்கு."

அவள் வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

என் வேலை நன்றாகப் போனது. முதலில் வந்தது சைக்கிள் ஓட்டப் பழகும் ஒரு நண்டின் கதை. மலீஹா முதல் பக்கத்திலேயே விரல் வைத்து எண்ணினாள். "ஆறு காலுதான் கீது. இது நண்டு இல்லக்கா, ஈ."

"கொடுக்கு இருக்குதே?"

"கொடுக்கு வெச்ச ஈ."

அதை அப்படியே எழுதினேன். மேரி மேடம் போன் செய்து சிரித்துவிட்டு, "உன் விமர்சகர்கிட்ட நான் பாராட்டினேன்னு சொல்லு" என்றார். அடுத்து ஒரு பூநாரைக் கதை. தாமரைக் குளத்தில் பூநாரை நிற்பதாக வரைந்திருந்தார்கள். எங்கள் ஏரியில் உப்புத் தண்ணீரும் சேறுமான இடத்தில் அவை கூட்டமாக மேய்வதைப் பார்த்தவள் நான். இந்தப் பறவை நிற்கும் தண்ணீரில் தாமரை பூக்காது என்று எழுதியபோது பெரிய ஆளாகிவிட்டதாகத் தோன்றியது. படத்தில் என்ன தப்பு என்று கண்டுபிடிப்பதுதான் மதிப்புரை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். என் எழுத்தை என் பெயரோடு அச்சில் பார்த்த அன்று, சிற்றிதழைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் நின்று மூன்று முறை படித்தேன்.

பிறகு வந்தது 'ஓரத்தில் ஒரு தோணி'. அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. தலைப்பு அட்டையில் மட்டும். வரைந்தவர் பெயர் முதலான விவரங்கள் அட்டையின் உள்பக்கம் பொடி எழுத்தில். மற்றதெல்லாம் படங்கள், பக்கத்தோடு பக்கம் சேர்த்து வரைந்த பன்னிரண்டு படங்கள். என் கையில் எப்போதும் மீன் வாடை இருக்கும் என்பதால், வருகிற புத்தகத்துக்கெல்லாம் பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவதுபோல் பிரவுன் தாளில் அட்டை போடுவேன். இதற்கும் போட்டேன். தலைப்பும் மறைந்தது, உள்பக்க எழுத்தும் தாளின் மடிப்புக்குள் போய்விட்டது. மறுநாள் முதல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குச் செக்கப் கூட்டிப்போகிற அலைச்சல். புத்தகத்தைப் பரீதா அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

நாலு நாள் கழித்து வந்தபோது பரீதா அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டாமா! நேத்து அவளே வந்து போனப் புடுங்கிகினா. 'வாப்பா, படகு ஏறிட்டியா? எம்மாந்தூரத்துல கீற?'ன்னு கேட்டா. அந்த மனுசனுக்கு வாயே வரல."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"இன்னா சொல்லுவாரு? 'கிட்டத்துலதான்மா'ன்னாரு. அப்பறம் மூஞ்சியத் திருப்பிகினாரு."

"எப்படிக்கா பேசினா?"

"ஒன் புஸ்தகம்தான்! தெனிக்கும் மூணு தபா படிச்சோம்."

உட்கார்ந்து எனக்கும் படித்துக் காட்டினாள். அவள் புத்தகத்தைத் திறந்த விதத்தை அப்போதுதான் பார்த்தேன்.

பரீதா அக்கா பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் குர்ஆன் ஓதுவதில் அந்தச் சந்தில் அவளுக்கு நிகர் கிடையாது. தினமும் சாயங்காலம் பதினைந்து சின்னப் பிள்ளைகள் அவளிடம் ஓத வருகிறார்கள். அந்த அரபுக் கிதாபுகள் எல்லாம் வலப்பக்கத்திலிருந்து தொடங்குபவை. நாம் கடைசிப் பக்கம் என்று சொல்வதுதான் அவற்றுக்கு முதல் பக்கம். எழுத்து இருந்த புத்தகங்களை அவள் நம்மைப் போலத்தான் திறப்பாள். இதில் எழுத்தும் இல்லை, அட்டையும் தெரியவில்லை. கை பழகிய பக்கமாகவே திறந்துவிட்டது.

"பாரு, கரையில புள்ள ஒண்ணு மட்டும் நிக்குது. இன்னாத்துக்கு நிக்குது? வாப்பா வர்றாரான்னு பாக்குது. இதுல கடலு மட்டும்தான் கீது. ஒண்ணும் காணோம். இதுல பாரு, தூரத்துல ஒரு புள்ளி! இப்ப பெருசாவுது..."

ஒவ்வொரு பக்கமாகப் படகு பெரிதாகிக்கொண்டே வந்தது. கரை சேர்ந்தது. ஆள் இறங்கினார். கையில் பையோடு வாசலில் நின்றார். கடைசிப் படத்தில், அவளுக்குக் கடைசிப் படத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"சோத்துல கொழம்பே ஊத்தலக்கா. வெறும் சோறு" என்றாள் பக்கத்தில் நின்ற மலீஹா.

அன்று நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்தபோது மனசு கேட்கவில்லை. வரைந்தவர் ஒரு பிரிவைச் சொல்ல நினைத்திருக்கிறார். ஓர் அப்பா போகிறார், பிள்ளை கரையில் தனியாக நிற்கிறது. அதைத் தலைகீழாகப் படித்துவிட்டு நான் எப்படி எழுதுவது? குழந்தையோடு சரியாகப் படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது விதி. விதியைத்தான் பின்பற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எனக்குச் சரியான பக்கம் தெரியும் என்ற பெருமை அது. பூநாரைப் படத்தின் தப்பைக் கண்டுபிடித்ததுபோல் இதையும் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை.

இரண்டு நாள் கழித்து, உள்ளே பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்த நேரம், மலீஹாவை முன்கட்டில் பக்கத்தில் உட்காரவைத்தேன். "மலீ, இதை இந்தப் பக்கத்துலேர்ந்து தொறக்கணும்" என்று சொல்லி இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அப்பா சாப்பிட்டார். எழுந்தார். பையை எடுத்தார். வாசலுக்கு வந்தார். மலீஹா முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள், பிறகு சிரிக்கவில்லை. படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் பேசாமல் இருந்ததால் அவளே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். படகு சின்னதானது. இன்னொரு பக்கம். புள்ளியானது. கடல் மட்டும் இருந்தது. பிறகு கரையில் அந்தக் குழந்தையின் முதுகு.

"போயிட்டாரு" என்றாள். புத்தகத்தை மூடி என் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் வந்தபோது மலீஹா அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. "அவரு வரல. போயிட்டாரு. மாலாக்கா புஸ்தகத்துல காமிச்சுது" என்றாளாம்.

சனிக்கிழமை நான் போனபோது பரீதா அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிள்ளைகளின் கிதாபுகளைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"எழுத்தே இல்லாத புஸ்தகத்துக்கு நேர்ப் பக்கம் எது, கோணப் பக்கம் எது, மாலா?"

"அட்டையில இருக்குதுக்கா."

"காமி."

பிரவுன் தாளைக் கழற்றினேன். தலைப்பு முன்பக்கம் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், விலையும் கோடுகளும் இருந்தன.

"நான் ஓதற கையால தொறந்துட்டேன்" என்றாள். பிறகு, "சரி, நான் தப்பாத்தான் தொறந்தேன். நீ படிச்ச பொண்ணு, ஒனக்குத் தெரிஞ்சிது. வெளிய இழுத்துகினு போயி எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? அவகிட்ட ஏன் சொன்ன?"

நான் பிரவுன் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். எப்போதும் வைக்கும் பிஸ்கட்டை வைக்கவில்லை.

வீட்டில் நைனாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். இந்தப் படகு கரைக்கு வருவதாக யாராவது நினைக்க முடியுமா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "இதுக்கு ரெண்டு பக்கமும் மூக்கு வெச்சி வரைஞ்சிகிறான். எஞ்சினக் காணோம். பின்னாடி அலையும் ஓடல. கேட்டா எப்படிச் சொல்றது? இவன் படகேறிப் பார்க்காதவன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுக்கு ஏன்டி அழுவற?" என்றார்.

மேரி மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பாவம்மா அந்தக் குழந்தை. ஆனா மதிப்புரை புத்தகத்தைப் பத்தித்தான் இருக்கணும். தவறான வரிசையில படிச்சதை எழுதினா வாசகர் குழம்பிடுவாங்க. முந்நூறு சொல், திங்கட்கிழமைக்குள்ள" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் எனக்குப் புத்தகம் அனுப்புவதை நிறுத்திவிடுவாரோ என்ற பயமும் எனக்கு இருந்தது. எழுதிக் கொடுத்தேன். வண்ணங்கள், வெற்றிடம், முகம் காட்டாத குழந்தை, பிரிவின் துயரம். மலீஹா சொன்னதாக எதைச் சேர்த்தேன் தெரியுமா? சோற்றில் குழம்பு ஊற்றவில்லை என்பதை. பத்திரமான வரி.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் புத்தகத்தைத் திருப்பி அனுப்புவதற்காக எடுக்கப் போனேன். போன் வருகிற நேரத்தைத் தவிர்த்து மூன்று மணிக்கே போனேன். பரீதா அக்கா விடவில்லை. "இருந்துட்டுப் போ. அவரு ஒங்கிட்ட பேசணும்னாரு."

திரையில் ஜமால் அண்ணன் தெரிந்தார். அடுக்குக் கட்டில்கள் இருந்த ஓர் அறை, பின்னால் கயிற்றில் லுங்கிகள். நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தார். "அண்ணே, மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும்மா. அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் காமி, நானும் பாக்கறேன்."

பரீதா அக்கா வாங்கி வலப்பக்கத்திலிருந்து திறக்கப் போனாள். "அப்பிடி வேணாம். அந்தப் பொண்ணு எப்பிடிக் காமிச்சுதோ அப்பிடிக் காமி" என்றார்.

நான் முதல் படத்தைப் போனுக்கு நேராகப் பிடித்தேன். மலீஹா பெட்டிக்குப் பின்னால்தான் இருந்தாள். பாவாடை நுனி தெரிந்தது.

"இவன் சாப்புட்டுப் போறான்" என்றார் ஜமால் அண்ணன். "நான் அன்னிக்கு சாப்புடல. ஒங்க உம்மா இட்லி வெச்சா. எறங்கல. டீ மட்டும் குடிச்சேன்."

அடுத்த படம். "பை இம்மாஞ்சின்னதா இல்ல. ரெண்டு பை. ஒண்ணுல கருவாடு."

"கருவாட்ட ஏர்போர்ட்ல எடுத்து வெச்சிகினானுங்க" என்றாள் பரீதா அக்கா.

"நான் படகுலயும் போவல. அஞ்சரை பஸ்ஸு. பொன்னேரி போயி, ரயில் புடிச்சி..."

பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் எங்க இருந்தேன்?"

யாரும் அசையவில்லை.

"நீ தூங்கினு இருந்தமா. பாயில. ஒரு காலு என் லுங்கி மேல போட்டுகினு."

"ஏன் எழுப்பல?"

"எழுப்பினா நீ அழுவியே."

மலீஹா எழுந்து வெளியே வந்தாள். பரீதா அக்காவின் கையிலிருந்த போனை இரண்டு கையாலும் பிடுங்கி மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"அழுதா இன்னா? நான் அழுதா அழுவறேன். எழுப்பிட்டுப் போவவேண்டியதுதானே!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. ஏன் டாட்டா சொல்லவில்லை, ஏன் கருவாட்டை எடுத்துப்போனாய், ஏன் ராக்கெட்டில் வரவில்லை, உன்கூடப் போன நஃபீஸா வாப்பா வந்துவிட்டாரே நீ ஏன் வரவில்லை, நீ நல்ல வாப்பா இல்லை, நீ கெட்ட வாப்பா. மூச்சு விடாமல் திட்டினாள். ஜமால் அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் "ஆமாமா", "ஆமாமா" என்றார். நான் புத்தகத்தை மூடினேன். மீதிப் பக்கங்களை யாரும் கேட்கவில்லை.

பரீதா அக்கா சமையலறைப் பக்கம் போய்ச் சுவரோடு நின்றாள். நான் பின்னால் போனேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "கெட்ட வாப்பான்னாலும் வாப்பான்னுதானே சொல்றா" என்றாள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. மலீஹா இப்போது வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். திட்டுவது குறைந்துவிட்டது, ஆனாலும் ஆரம்பம் திட்டாகத்தான் இருக்கும். முதல் விஷயம் எப்போதும் அதுதான்: எந்தத் தேதி வருகிறாய், கிளம்பும்போது என்னை எழுப்பிச் சொல்ல வேண்டும். அங்கே கிளம்பும்போது இங்கே இருக்கிறவளை எப்படி எழுப்புவது என்று அவர் கேட்டால், போன் போடு என்கிறாள். அவர் இன்னும் வரவில்லை. ரம்ஜானுக்கு என்றார், முடியவில்லை. பக்ரீத்துக்கு என்றார். காகிதம் கையெழுத்தாக வேண்டுமாம். பரீதா அக்கா அவருடைய சட்டைகளை இன்னொரு முறை துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். வந்துகினே கீறாரு என்று இப்போது குழந்தையிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவள் தேதி கேட்கிறாள்.

மதிப்புரை அச்சில் வந்த அன்று பரீதா அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் கீது. இதுல நாங்க எங்க கீறோம்?"

"முந்நூறு சொல்லுதான்கா குடுத்தாங்க."

"அப்போ சொல்லு எண்ணாம ஒண்ணு எழுது. அங்க கீற ஆம்பளைங்க பாதிப் பேரு தூங்கற புள்ளைய எழுப்பாமதான் போயிருப்பானுங்க. இங்க கீற நாங்களும் வர்றாரு வர்றாருன்னே சொல்லிகினு கீறோம். அவனுங்க கையிக்குப் போறமாதிரி எழுது."

அதனால்தான் எழுதினேன். கல்லூரிக்கு இந்த முறை விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. எழுத்தாளர் ஆகிவிட்டேனா என்பதும் தெரியவில்லை. இது சிற்றிதழில் வந்தால் முந்நூறு பேர் படிப்பார்கள். அவர்களில் படகு வேலைக்குப் போனவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பஹ்ரைனிலோ, வேறு எந்தத் துறைமுகத்திலோ, கட்டட வேலையிலோ, வண்டி ஓட்டிக்கொண்டோ உங்களுக்குத் தெரிந்த ஒரு தகப்பன் இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். படிக்க நேரமில்லாதவர் என்றால் உங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போய்ச் சேரும்படி. அவர் பிள்ளையோடு இங்கே இருக்கும் பெண்ணுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.